முதுகில் விளக்கு எரியுற நத்திங் ஃபோன் – வாங்கலாமா? அவசரம்

புதுவரவு_27
வணக்கம். நத்திங் ஃபோன் வாங்கலாம்னு இருக்கேன். பின்பக்கம் விளக்கு எரியுமே, அதுதான். பார்க்க ரொம்ப அழகா இருக்கு. கொடுக்குற காசுக்குத் தகுமா, வெறும் பகட்டா? ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட முடியுது. சீக்கிரம் சொல்லுங்க.

வால்வு_ரேடியோ
எந்த மாடல்? 1, 2, 2ஏ, 2ஏ பிளஸ், 3ஏ, 3ஏ ப்ரோ எல்லாத்துலயும் விளக்கு உண்டு. ரேம், ஸ்டோரேஜ் எவ்வளவு? எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க?

தட்டைத்திரை
எந்த மாடலா இருந்தாலும் ஒரு நல்ல விஷயம், திரை தட்டை. ஓரம் வளைஞ்ச திரைக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டணும்னா யூவி பசை (புற ஊதா ஒளி பட்டு இறுகுறது) ஊத்தி ஒட்டணும். பசை வழிஞ்சு பட்டன் இடுக்குலயும் ஸ்பீக்கர் வலையிலயும் இறங்கிடும். தட்டைக்கு சாதாரண கிளாஸே போதும். கைரேகை சென்சார் திரைக்கு அடியில் இருந்து வெளிச்சத்தால ரேகையைப் படமெடுக்கிற ஆப்டிகல் வகைங்கறதால மெல்லிசான கிளாஸா எடுங்க. ஒட்டின பிறகு பழைய ரேகைப் பதிவை அழிச்சுட்டுப் புதுசா பதிய வையுங்க. "ரேகை எடுக்க மாட்டேங்குது"ங்கிற புகார்ல பெரும்பகுதி இதைச் செய்யாததால வர்றது.

செமிகண்டக்டர்
மாடல் பெயர்கூட எழுதாம "தகுமா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இங்கே வாரத்துக்கு நாலு இழை இப்படித்தான் வருகிறது. கேட்பதற்கு முன் விவரப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். மாடல், ரேம், ஸ்டோரேஜ், பயன்பாடு, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள். இந்த ஐந்தும் இல்லாமல் வரும் ஆலோசனை எல்லாம் ஊகம்.

புதுவரவு_27
மன்னிக்கணும். 2ஏ தான். 8 ஜிபி. போட்டோ எடுக்க, வீடியோ பார்க்க, வாட்ஸாப், பேங்க் ஆப். கேம் கிடையாது. 3ஏ கொஞ்சம் விலை கூட இருக்கு, அதனால 2ஏ.

வால்வு_ரேடியோ
8 ஜிபிங்கிறது ரேம். 2ஏ-ல ரேம்+ஸ்டோரேஜ் 8+128, 8+256, 12+256ன்னு மூணு வகை. உங்களது எது? எத்தனை வருஷம் ஓட்டணும்?

செமிகண்டக்டர்
சரி, இப்போது பேசலாம். முதலில் பார்க்க வேண்டியது கேமரா அல்ல, காலக் கணக்கு. 2ஏ வெளியானது 2024 மார்ச். ஆண்ட்ராய்டு 14உடன் வந்தது. நிறுவனம் சொன்னது 3 ஆண்ட்ராய்டு பதிப்புகள், 4 வருடப் பாதுகாப்பு அப்டேட். 3ஏ வெளியானது 2025 மார்ச். அதற்கு 3 பதிப்புகள், 6 வருடப் பாதுகாப்பு அப்டேட். இந்த வருடங்கள் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை. வெளியான நாளிலிருந்து ஓடுகின்றன. ஆக, 2ஏ-க்கு 2028 வாக்கில் முடிகிறது, 3ஏ-க்கு 2031 வாக்கில். பேங்க் ஆப் பயன்படுத்துபவருக்கு அந்த மூன்று வருடம் சின்ன விஷயம் இல்லை. விலை வித்தியாசத்தை அந்த மூன்றால் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும்.

நிழல்_வெளிச்சம்
போட்டோதான் முக்கியம்னா ஒண்ணு கவனிங்க. 2ஏ-ல பின்னாடி ரெண்டு கேமரா: 50 மெகாபிக்சல் முதன்மை, அதுல கை நடுக்கத்தை ஈடுகட்டுற ஓஐஎஸ் இருக்கு, கூடவே காட்சியை அகலமாப் பிடிக்கிற 50 மெகாபிக்சல் அல்ட்ராவைடு. 3ஏ-ல 2 மடங்கு ஜூம் தர்ற 50 மெகாபிக்சல் டெலிஃபோட்டோ கூடுதல், ஆனா அல்ட்ராவைடை 8 மெகாபிக்சலாக் குறைச்சுட்டாங்க. முகம், அரையுருவப் படம் நிறைய எடுப்பீங்கன்னா 3ஏ. குறுகலான அறைக்குள்ள கூட்டமா நிக்கிறவங்களை எடுக்கிறதுதான் அதிகம்னா 2ஏ-யோட அல்ட்ராவைடு ஒரு படி மேல. 50ங்கிற எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. சாதாரண மோடுல நாலு பிக்சலை ஒண்ணாக்கி 12.5 மெகாபிக்சல் படமாத்தான் சேமிக்கும். அதுதான் நல்லதும்கூட. முழு 50 மோடு நல்ல வெயில்ல மட்டும் பயன்படும். அறை வெளிச்சத்துல புள்ளி புள்ளியா இரைச்சல் கூடும்.

தண்ணீர்ப்பாம்பு
3ஏ ஐபி64, 2ஏ வெறும் ஐபி54. தண்ணியில விழுந்தா 3ஏ தாங்கும். இதுக்காகவே 3ஏ எடுக்கலாம்.

வால்வு_ரேடியோ
தப்பு. முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது எண் தண்ணிக்கு. ரெண்டு ஃபோனிலும் ரெண்டாவது எண் 4 தான், அதாவது எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கிற தண்ணி வரைக்கும். 3ஏ-ல கூடினது தூசிப் பாதுகாப்பு மட்டும். முங்கினா தாங்கணும்னா ரெண்டாவது எண் 7 அல்லது 8 வேணும். ரெண்டையும் வாளியில போடக் கூடாது.

தண்ணீர்ப்பாம்பு
சரி, ஒப்புக்கிறேன். 64 பெரிசுன்னு மொத்தமாப் பார்த்துட்டேன்.

ஸ்பீடு_ராஜா
யாருமே ஸ்டோரேஜ் பத்திப் பேசலை. 2ஏ-ல ஸ்டோரேஜ் சிப்போட தரம் யூஎஃப்எஸ் 2.2. யூஎஃப்எஸ் 3.1 இல்லாத ஃபோனை வாங்கவே கூடாது. படிக்கிற வேகம் பாதிதான்.

செமிகண்டக்டர்
காகிதத்தில் பாதி. 2.2 நொடிக்கு ஏறத்தாழ 1,000 எம்பி, 3.1 ஏறத்தாழ 2,000. ஆனால் அது பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். ஆப் திறப்பது சின்னச் சின்னத் துண்டுகளை அங்கங்கே தேடிப் படிக்கும் வேலை. அதில் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. 2.2 தரத்தில் எழுதும் வேகத்தைக் கூட்டும் ரைட் பூஸ்டரும் சேர்த்திருக்கிறார்கள். வாட்ஸாப் பார்க்கிறவருக்கு இது பொருட்டே இல்லை. இஎம்எம்சி (பழைய ஸ்டோரேஜ் வகை) என்று போட்டிருந்தால்தான் ஓட வேண்டும். அது ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாதது.

ஸ்பீடு_ராஜா
இன்னைக்குத் தெரியாது, மூணு வருஷம் கழிச்சுத் தெரியும். அப்படின்னா ரேம் பூஸ்டரையாவது முழுசா போட்டு வையுங்க.

வால்வு_ரேடியோ
அதைப் போட்டா இன்னும் மோசம். ரேம் பூஸ்டர்ங்கிறது ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் மாதிரி பயன்படுத்துறது. ஸ்டோரேஜ் வேகம் பத்தாதுன்னு சொல்லிட்டு அதையே ரேமாக்கச் சொன்னா எப்படி? 8 ஜிபி நிஜ ரேம் இருக்கிறவருக்கு அது தேவையே இல்லை. மூணு வருஷத்துல ஃபோனை மெதுவாக்குறது பெரும்பாலும் நிரம்பி வழியுற ஸ்டோரேஜ். 15, 20 சதவீதம் எப்பவும் காலியா இருக்கணும். 128 எடுத்துட்டு வீடியோவா நிரப்புறதைவிட 256 எடுக்கிறதுதான் வேகத்துக்கான வழி.

ஸ்பீடு_ராஜா
256 எடுக்கணும்கிறதுல எனக்கும் மறுப்பில்லை. 2.2 பத்தி நான் சொன்னது சொன்னதுதான்.

தட்டைத்திரை
கேட்டவர் கேட்டது அழகைப் பத்தி. அதுக்கு யாரும் பதில் சொல்லலையே. விளக்கு தெரியணும்னா ஒளிபுகும் கவர்தான் போடணும். மலிவான சிலிகான் கவர் மாசக்கணக்குல மஞ்சளாகும், அழகு போயிடும். பாலிகார்பனேட்டா பார்த்து எடுங்க. 2ஏ-யோட முதுகு பிளாஸ்டிக், விழுந்தா லேசுல உடையாது, ஆனா மெல்லிய கீறல் விழும். 3ஏ-யோட முதுகு கண்ணாடி, கீறல் குறைவு, விழுந்தா விரியும். விளக்கால பயனும் உண்டு: ஃபோனைக் கவுத்து வைச்சா சத்தம் இல்லாம விளக்காலயே அழைப்பைக் காட்டும், டைமர் ஓடுறதும் தெரியும். மேசையில் கவுத்து வைக்கிற பழக்கம் இல்லாதவருக்கு ஒரு வாரத்துல மறந்துபோற வசதி.

நிழல்_வெளிச்சம்
பெட்டிக்குள்ள சார்ஜர் கிடையாதுங்கிறதையும் சொல்லிடணும். 2ஏ 45 வாட். யூஎஸ்பி பிடி (வேக சார்ஜிங் தரம்) சார்ஜரில் பிபிஎஸ்னு, அதாவது மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்ப மாத்துற வசதி, போட்டிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா முழு வேகம் கிடைக்காம போகலாம். கேபிளும் 5 ஆம்பியர் தாங்குறதா இருக்கட்டும். 3 ஆம்பியருக்கு மேல போக உள்ளே அடையாளச் சிப் இருக்கிற கேபிள் வேணும். விலையை ஒப்பிடும்போது சார்ஜரையும் சேர்த்துக்கோங்க.

புதுவரவு_27
எல்லாருக்கும் நன்றி. மூணு நாலு வருஷம் வைச்சிருப்பேன். பழைய ஃபோன்ல மெமரி கார்டு நிறையப் படம் இருக்கு, அதை இதுல அப்படியே போட்டுக்கலாம்தானே?

செமிகண்டக்டர்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டிலும் மெமரி கார்டு இடம் கிடையாது. 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் துளையும் கிடையாது. நான்கு வருடம், கார்டு நிறையப் படம், பேங்க் ஆப் என்றால் 2ஏ 128 உங்களுக்கு இல்லை. 3ஏ 256. அது கைக்கு எட்டாது என்றால் 2ஏ 256, அதுவும் நல்ல தள்ளுபடி இருந்தால் மட்டும்.

வால்வு_ரேடியோ
ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பழைய ஃபோனில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய்ப் பாருங்க. கார்டு "போர்ட்டபிள்"னு இருந்தா கார்டு ரீடரில் செருகிக் கணினிக்கு நகல் எடுத்துடலாம். "இன்டர்னல் ஸ்டோரேஜ்"னு ஃபார்மேட் பண்ணியிருந்தா அது அந்த ஃபோனோட சேர்த்துப் பூட்டினது, வேற எதுலயும் திறக்காது. அப்ப ஃபோனுக்குள்ள கார்டு இருக்கும்போதே கேபிள் போட்டுத்தான் நகல் எடுக்கணும். பழைய ஃபோனை ரீசெட் பண்ணினா அந்தப் பூட்டுச் சாவியும் போயிடும், படமும் போயிடும். பேங்க் ஆப் புது ஃபோனில் சரியா ஓடுறதைப் பார்த்த பிறகுதான் பழசை அழிக்கணும்.

புதுவரவு_27
இன்டர்னல்னுதான் காட்டுது. நல்லவேளை கேட்டேன். 3ஏ 256 போட்டுட்டேன். கேபிள்ல நகல் ஓடிட்டிருக்கு, 40 சதவீதம்.

வால்வு_ரேடியோ
முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பத்துப் பதினைந்து வீடியோவைக் கணினியில் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, பாதியில் அறுந்த நகல் அதுல தெரிஞ்சுடும்.

மழைக்குருவி
இடையில கேட்கிறேன், 2ஏ பிளஸ் எப்படி? யாரும் சொல்லலையே.

செமிகண்டக்டர்
தனி இழை தொடங்குங்கள். ரேம், ஸ்டோரேஜ், பயன்பாடு, எத்தனை வருடம் என்று எழுதிவிட்டு.