புதுப்பிப்பு: மதுரையில் படிக்கும் மகளுக்கு ப்ரீபெய்டு கார்டு

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் படிக்கப் போயிருக்கும் மகளின் அன்றாடச் செலவுக்கு எந்த ப்ரீபெய்டு கார்டு (முன்கூட்டியே பணம் ஏற்றிச் செலவழிக்கும் கார்டு) ஏற்றது என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

"கைபேசி எண்ணையும் குறைந்தபட்ச விவரங்களையும் மட்டும் வைத்துத் தரும் கார்டு வேண்டாம், முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முடித்ததையே வாங்குங்கள்" என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. முதல் வகையில் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. பணமாக எடுக்கவும் வழியில்லை. முழு கேஒய்சி கார்டில் உச்சவரம்பு 2 லட்சம். ஏடிஎம்மிலும் எடுக்கலாம். ஆனால் வங்கி அல்லாத நிறுவனத்தின் கார்டு என்றால் ஒரு முறைக்கு 2,000, மாதத்துக்கு 10,000 ரூபாய்தான். விடுதிக் கட்டணத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. கீழமாசி வீதிக் கடையில் கார்டை இயந்திரத்தின் மேல் காட்டியபோது ஏற்கவில்லை. உள்ளே செருகி, ரகசிய எண்ணை (PIN) அழுத்தியதும் ரசீது வந்துவிட்டது. புதிய கார்டில் தொடாமல் செலுத்தும் வசதியும் இணையவழிக் கொள்முதலும் அணைத்தே தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிள்ளைகள் கையில் இருக்கும் கார்டுக்கு இது நல்ல காவல் என்றே நினைக்கிறேன். செயலியில் இரண்டையும் இயக்கி, செலவு வரம்பையும் குறைத்து வைத்தோம். அன்று மாலையே டவுன்ஹால் ரோட்டில் வேலை செய்தது.