மாதவிடாய்ச் செயலியின் சர்வரில் இருக்கும் என் பதிவுகளை அழிப்பது எப்படி?

தோழிகளே, நான்கு ஆண்டுகளாக ஒரு செயலியில் என் மாதவிடாய்க் கணக்கை எழுதி வந்தேன். தேதி, வலி, மாத்திரை, 2023-இல் கரு கலைந்தது வரை எல்லாம் அதில் இருக்கிறது. என் கணவரிடம்கூடச் சொல்லாத குறிப்புகள் சில.

மூன்று வாரங்களுக்கு முன் செயலியை நீக்கினேன். போன ஞாயிறு சோதிப்பதற்காக மீண்டும் நிறுவி, அதே மின்னஞ்சலில் நுழைந்தேன். ஒரு வரி குறையாமல் எல்லாம் திரும்பி வந்தது! கைப்பேசியிலிருந்து போனது செயலி மட்டும்தான்.

ஊர் மதுரை, கைப்பேசி ரெட்மி நோட் 12, ஆண்ட்ராய்டு 13. இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டேன், விளம்பர அடையாள எண்ணையும் (விளம்பரங்களுக்காகக் கைப்பேசியை அடையாளம் காட்டும் எண்) அழித்துவிட்டேன். அமைப்புகளில் ‘வெளியேறு’ மட்டுமே இருக்கிறது, கணக்கை நீக்கும் பொத்தான் இல்லை. கணக்கு தொடங்கவிடும் செயலிகள் அதை நீக்கவும் வழி தர வேண்டும் என்பது கூகுள் பிளே விதி. தனியுரிமைப் பக்கத்திலுள்ள முகவரிக்கு மூன்று முறை எழுதினேன். தானியங்கிப் பதில்தான் வந்தது. நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைப் பேசுகிறது என்று படித்தேன்.

வெளிநாட்டுச் செயலி ஒன்றின் சர்வரிலிருந்து தன் பதிவுகளை உண்மையிலேயே அழிக்கவைத்தவர் யாராவது இருந்தால், யாருக்கு, என்ன எழுதினீர்கள்?