கால்கரி – ஜாஸ்பர் – வான்கூவர்: காரில் போனவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அம்மா அப்பாவுடன் ரொறன்ரோவிலிருந்து கால்கரிக்குப் பறந்து, அங்கே வாடகைக்குக் கார் எடுத்து, பான்ஃப், லேக் லூயிஸ், ஜாஸ்பர் வழியாக வான்கூவர் போகத் திட்டம். மலைப்பாதையில் இவ்வளவு தூரம் ஓட்டுவது எனக்கு இதுவே முதல் முறை.

மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில் விடமாட்டார்கள், அதனால் பார்க்ஸ் கனடா பேருந்தில் இடம் பிடித்துவிடுவேன். கவலை லேக் லூயிஸ்–ஜாஸ்பர் சாலைதான். ஏறத்தாழ 230 கிலோமீட்டர்; நடுவில் பெட்ரோல் சஸ்காட்சுவான் கிராசிங்கில் மட்டும், பெரும்பகுதியில் கைபேசி சிக்னலும் கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. அதிகம் ஏறாமல் அவர் நின்று பார்க்க இந்த வழியில் எந்த இடங்கள் நல்லது? அவர் ஆசைப்பட்டுத்தான் இந்தப் பயணமே.

அப்புறம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம். கால்கரியில் எடுக்கும் வாடகைக் காரில் அது இருக்குமா, தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமா?

ஜாஸ்பரிலிருந்து வான்கூவர் ஏறத்தாழ 800 கிலோமீட்டர், ஒரே நாளில் ஓட்ட மாட்டேன். இரவு கம்லூப்ஸில் தங்கலாமா, இல்லை ஹெல்ம்கன் அருவியைப் பார்க்க கிளியர்வாட்டரிலேயே நின்றுவிடலாமா? பெற்றோருடன் போய்வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.