சொக்கெற்றுக்கு எந்தச் சுவிச்? வன்னியில இருந்து லண்டன் வந்த ஆக்களுக்கு

கேள்வி (புதுக்குடியிருப்பில இருந்து ஈஸ்ற் ஹாம்):
வந்து மூண்டு மாதம். சமையலறை மேடைக்குக் கீழ வோஷிங் மெஷின் சொக்கெற் இருக்கு, சுவிச் இல்லை. பிளக்கைக் கழட்ட ஒவ்வொரு தரமும் மெஷினை வெளிய இழுக்க வேண்டிக் கிடக்கு. மேல ஒரு சுவிச் வைக்க யோசினை. கடையில 10, 20, 45 அம்பியர் எண்டு இருக்கு. லைற் சுவிச் மலிவு, அது காணாதோ?

பதில்:
காணாது தம்பி. ஊரில கிணத்து மோட்டருக்கு லைற் சுவிச் போட்டால், ஓஃப் பண்ணேக்க உள்ள பொறி பறந்து முனை கருகும். கடைசியில முனை ரெண்டும் ஒட்டி, மோட்டர் நிக்காமல் ஓடும். வோஷிங் மெஷினிலயும் மோட்டர் இருக்கு, அதோட 2 கிலோவாட் அளவில தண்ணி சூடாக்கிற ஹீற்றரும் இருக்கு. 2,000ஐ 230ஆல பிரிச்சால் 8.7 அம்பியர், ஹீற்றருக்கு மட்டும். 10 அம்பியர் சுவிச்சில மிச்சம் என்ன கிடக்கு?

வாங்க வேண்டியது 20 அம்பியர் டபிள் போல், நியோன் லைற்றோட. டபிள் போல் எண்டால் லைனையும் (கரண்ட் வாற வயர்) நியூற்றலையும் (திரும்பிப் போற வயர்) சேர்த்தே வெட்டும். பின்னால சப்ளை (கரண்ட் வாற பக்கம்), லோட் (மெஷினுக்குப் போற பக்கம்) எண்டு எழுதியிருக்கும். மாத்திக் கட்டினாலும் மெஷின் ஓடும், ஆனா ஓஃப் பண்ணின பிறகும் நியோன் எரிஞ்சு நிண்டால் மாறிப்போச்சு எண்டு அர்த்தம். 45 அம்பியர் குக்கருக்கு, 6 மில்லிமீற்றர் சதுரம் மாதிரித் தடிச்ச வயரில போடுறது. உங்களுக்குத் தேவையில்லை.

சுவிச்சைத் தெரிவு செய்யிறது லேசு, பிழைக்கிற இடம் வேற. இஞ்ச சொக்கெற்றுகள் கனக்க வீட்டில வளையமா ஓடும்: 32 அம்பியர் பிரேக்கர், 2.5 மில்லிமீற்றர் சதுர வயர், போய்த் திரும்பி அதே பிரேக்கருக்கே வரும். மெயினை ஓஃப் பண்ணி, ரெண்டு முனை ரெஸ்ரரால கரண்ட் இல்லை எண்டு பார்த்துப்போட்டு, கீழ்ச் சொக்கெற்றைக் கழட்டி லைன் முனையில எத்தினை வயர் எண்டு எண்ணுங்கோ. ஒண்டு எண்டால் அநேகமா கிளையின்ர (வளையத்தில இருந்து பிரிஞ்சு போற ஒற்றை வயர்) முடிவு. ரெண்டு எண்டால் அது வளையத்திலயே நிக்கிறதா இருக்கலாம். அப்படியெண்டால் வளையத்தைச் சுவிச்சுக்குள்ளால ஓடவிடப் படாது: ஓஃப் பண்ணினால் வளையம் அறுந்து, முழுச் சுமையும் ஒரு பக்க வயரில ஏறலாம். வளையத்தின்ர ரெண்டு வயரும் சுவிச்சின்ர சப்ளைப் பக்கத்தில ஒண்டாச் சேரவேணும், லோட்டில இருந்து ஒரேயொரு வயர்தான் கீழ இறங்கவேணும். மூண்டு எண்டால் அதில ஏற்கனவே ஒரு கிளை போகுது, இன்னொண்டு எடுக்காதேங்கோ.

வாடகை வீடெண்டால் இதொண்டையும் தொடாதேங்கோ, வீட்டுக்காரரிட்டச் சொல்லுங்கோ. இங்கிலாந்தில 5 வருசத்துக்கு ஒருக்கா வீட்டு வயரிங்கைப் பரிசோதிப்பிக்கிறது அவற்ற பொறுப்பு. சொந்த வீடெண்டாலும் முழுப் புதுச் சேர்க்கிற், பிரேக்கர் பெட்டி மாத்தல், குளியல் தொட்டிக்குப் பக்கத்து வேலை எல்லாம் பதிவுபெற்ற எலக்ரீசியனிட்டக் குடுங்கோ.

கேட்டவர்:
அண்ணை, பழைய வீடு. வயர் சிவப்பும் கறுப்புமாக் கிடக்கு.

பதில்:
சிவப்பு லைன், கறுப்பு நியூற்றல். 2004க்குப் பிறகு வந்த வயரிங்கில மண்ணிறம் லைன், நீலம் நியூற்றல். ஒரே வீட்டில ரெண்டு நிறமும் கலந்தும் கிடக்கும்.

இன்னொருவர் (கிளிநொச்சியில இருந்து ரொறொன்ரோ):
இந்தக் கறுப்புக் கதையோட கனடாவுக்கு வந்திடாதேங்கோ! இஞ்ச கறுப்புத்தான் கரண்ட், வெள்ளை நியூற்றல், மூடாத செப்பு எர்த். 120 வோல்ட், சாதாரண சேர்க்கிற் 15 அம்பியர், 14 கேஜ் வயர். இருப்பறையில சுவர்ச் சுவிச்சை அமத்த ஒரு சொக்கெற் பாதி மட்டும் உயிர் வரும், பழுதில்லை, மேசை விளக்குக்கு அப்படித்தான் வைக்கிறவை. அந்தச் சுவிச்சுக்குப் பதிலா டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிச்) போடாதேங்கோ, யாராவது வக்கியூம் கிளீனரைக் குத்தினால் ரெண்டும் போகும்.

முதல் பதில் சொன்னவர்:
லண்டனுக்கு ஒண்டு மறந்திட்டன். இரட்டைச் சொக்கெற்றில 13உம் 13உம் சேர்ந்து 26 வராது. அதைப் பரிசோதிக்கிறது மொத்தம் 20 அம்பியரிலதான். 3 கிலோவாட் ஹீற்றர் ஒண்டும் 2 கிலோவாட் எண்ணெய் ஹீற்றரும் ஒண்டாக் குத்தி விடிய விடிய ஓடவிட்டால் வெள்ளைத் தட்டில மண்ணிறக் கறை விழும், மீன் மணம் மாதிரி ஒரு மணமும் வரும். கறை கண்ட சொக்கெற்றைத் துடைச்சுப்போட்டுப் பாவிக்கப் படாது. மாத்தேக்க பின்முனைத் திருகாணி இளகி இருக்கா எண்டும் பாருங்கோ, அநேகமா அதுதான்.

சுவிச் வாங்கேக்க சுவர்ப் பெட்டியையும் சேர்த்து வாங்குங்கோ, 35 மில்லிமீற்றர் ஆழம். லைற் சுவிச்சுக்கு வெட்டின 16 மில்லிமீற்றர்ப் பெட்டிக்குள்ள 2.5 வயரை மடிச்சுத் திணிச்சால் மூடி சுவரோட இருக்காது.