பதினோரு நாளாக அறைத்தோழி அக்கா பேசவில்லை. அறை மாறிவிடட்டுமா?

சத்துணவு டீச்சர்:

எனக்கு 73 வயது. 1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரிவுபடுத்தியபோது மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் அமைப்பாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். இரண்டு வருடமாக அழகர்கோயில் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். என் அறையில் உசிலம்பட்டி அக்கா ஒருவர், வயது 79.

அக்கா காலை ஐந்து மணிக்கே ரேடியோவை அலறவிடுவார். எனக்குக் கண் அசருவதே இரண்டு மணிக்குத்தான். எத்தனையோ முறை தணிவாகச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னாலும், "செவிட்டுக் காதுக்கு எதுக்கு ரேடியோ?" என்று கேட்டுவிட்டேன். பாதிச் சோற்றோடு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனவர்தான். அதோடு பேச்சு நின்றது. ரேடியோவும் நின்றது. இப்போது சத்தமே இல்லாமல் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் வாசலுக்கு மல்லிகை வரும். அக்கா இரண்டு முழம் வாங்கி, பல்லால் நாரைக் கடித்துப் பிரித்து, ஒன்றைத் தன் முருகனுக்கும் மற்றதை என் அலமாரி மீனாட்சிக்கும் சாத்துவார். இந்தப் பதினோரு நாளில் ஒரு நாள்கூட மீனாட்சிக்குப் பூ நிற்கவில்லை. நான் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறார்.

வேறு அறை தருவதாக வார்டன் சொல்கிறார். போகட்டுமா? இல்லை, எப்படிப் பேச்சை எடுப்பது?

புதூர்க்காரன்:

மாறிவிடுங்கள் அம்மா. இந்த வயதில் தூக்கம் கெட்டால் பிரஷர், சுகர் எல்லாம் ஏறும். தள்ளி இருந்தாலே பாதிச் சண்டை தீரும்.

திருமங்கலம் நர்ஸ்:

அவசரப்படாதீர்கள். அக்காவின் காதை யாராவது பார்த்தார்களா? வயதானால் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த, க எல்லாம் குழம்பும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. அதனால்தான் ரேடியோவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நீங்கள் தணிவாகச் சொன்னதும் அவருக்கு எட்டியிருக்காது. சில பேருக்குக் குறும்பி அடைத்திருக்கும், எடுத்தாலே தெளிவு வரும். பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் காலையிலேயே கூட்டிப் போங்கள். பேசும்போது முதுகுப் பக்கமிருந்து கத்தாமல் முகத்துக்கு நேரே நிதானமாகப் பேசுங்கள்.

செல்லூர் மகள்:

என் அம்மாவும் இப்படித்தான் கோபத்தில் தனி அறை கேட்டு வாங்கினார். ஒரே மாதத்தில் சாப்பிடக் கூடத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். பழைய அறைத்தோழியைப் பற்றித்தான் போனில் கேட்பார், "அவ சாப்பிட்டாளா?" என்று. பூ வைக்கிற மனுஷியை விட்டுப் போகாதீர்கள் அம்மா.

புதூர்க்காரன்:

பூ விஷயத்தை நான் சரியாகப் படிக்கவில்லை. மாற வேண்டாம்.

சத்துணவு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. அன்றைக்கு ராத்திரியே அக்கா கட்டிலில் எதிரே உட்கார்ந்து, "நான் சொன்னது தப்புக்கா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். ரொம்ப நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம், "செவிடுன்னது கூடப் பெருசில்லத்தா. சோறு போடுற பிள்ளை முன்னாடி சொல்லிட்டியே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை இது. எந்தப் பிள்ளையையும் தட்டுக்கு முன்னால் வைத்துத் திட்டியதில்லை.

திங்கட்கிழமை பிங்க் பஸ்ஸில் கோரிப்பாளையம் போய் இறங்கினோம். இடது காதில் குறும்பி எடுத்தார்கள். வலது காதுக்கு மெஷின் வேண்டுமா என்று பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும்போது ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தார்.

வார்டனிடம் அறை மாறவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்று ரேடியோ ஐந்தரைக்குப் பாடியது, கொஞ்சம் தணிந்து.