கட்சி இரண்டானபோது உங்கள் எம்.எல்.ஏ.வை எங்கே பார்த்தீர்கள்?

கிளைச் செயலாளர், கொங்குப் பக்கம்:

நான் முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். அ.தி.மு.க.வில் தலைமைச் சண்டை வந்தபோதெல்லாம் மேலே நடந்தது பேப்பரில் வந்துவிட்டது. கீழே நமக்குள் நடந்தது எங்கேயும் வரவில்லை.

2017 பிப்ரவரி 5 அன்று எம்.எல்.ஏ.க்கள் கூடி சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 7ஆம் தேதி ராத்திரி முதல்வர் ஓ.பி.எஸ். அதை எதிர்த்து மெரினாவில் ஜெயலலிதா அம்மா சமாதி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். எங்கள் ஊர் டீக்கடையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் எழுந்து நின்றுவிட்டோம். கையில் இருந்த டீ ஆறிப்போனது, யாரும் குடிக்கவில்லை.

அடுத்த நாளே எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் ரிசார்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் எம்.எல்.ஏ.வும் அங்கேதான். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். 2016 மே மாத வெயிலில் இவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் நாங்கள். "உங்க ஆள் எங்கய்யா?" என்று பொம்பளைகள் என் வாசலில் வந்து கேட்டார்கள். எனக்கும்தான் தெரியவில்லை.

14ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சசிகலா சிறைக்குப் போனார், எடப்பாடியார் முதல்வர் ஆனார். 18ஆம் தேதி சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு, ஆதரவு 122, எதிர்ப்பு 11. எங்கள் ஆள் அந்த 122இல் ஒருவர்.

ஒரு வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில் அவரைப் பார்த்தேன். ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, கோவமா?" என்றார்.

"கோவம் இல்லைங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"யார் யாரைக் கேக்கறதுண்ணே? இன்னும் நாலு வருஷ ஆட்சி இருக்கு. கலைஞ்சா மறுபடி ஜெயிச்சு வருவோமா, நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஆட்சி 2021 வரை ஓடத்தான் செய்தது. ஆனால் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தலைவர் எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து வரும் விதி. அதைக் காப்பாற்ற வேண்டியவர்களில் அவரும் ஒருவர் அல்லவா? அது ராத்திரி படுத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

1972 முதல் உறுப்பினர், மதுரைப் பக்கம்:

தம்பி, நீங்கள் 2017இல் பட்டதை நாங்கள் 1988லேயே பட்டோம். தலைவர் மறைந்தது 1987 டிசம்பர் 24. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கட்சி இரண்டு. 97 எம்.எல்.ஏ.க்கள் ஜானகி அம்மா பக்கம் நின்றார்கள். எங்கள் எம்.எல்.ஏ.வும்தான். தொண்டர்களில் பெரும்பாலோர் ஜெயலலிதா அம்மா பக்கம். ஜனவரி 28இல் சட்டசபைக்குள் போலீஸ் புகுந்து தடியடி நடந்தது. இரண்டு நாளில் ஆட்சி கலைந்தது.

1989 தேர்தலுக்கு இரட்டை இலை இல்லை. எங்களுக்குச் சேவல், அவர்களுக்கு இரட்டைப் புறா. பதினைந்து வருஷமாக நானே வரைந்து வந்த இலையை நானே சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். பழைய பச்சை அவ்வளவு லேசில் போகாது. மூன்று கை அடித்த பிறகும் சேவலின் வயிற்றில் இலை தெரிந்தது. பக்கத்துச் சுவரில் என் மச்சான் புறா வரைந்துகொண்டிருந்தான். இருவரும் ஒரே வாளிச் சுண்ணாம்பைத்தான் எடுத்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சேவலுக்கு 27 இடம். ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாவே தோற்றார். ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. எம்.எல்.ஏ. கணக்கு ஒன்று, ஊர்க் கணக்கு வேறு என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டோம். மச்சான் வீட்டில் மறுபடி கை நனைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஒன்றிய நிர்வாகி, தென் மாவட்டம்:

எங்கள் கதை நேர் எதிர். 2017இல் எங்கள் எம்.எல்.ஏ. ஓ.பி.எஸ். பக்கம் வந்தார். ஊரே மாலை போட்டது. ஓ.பி.எஸ். தன் எதிர்ப்பைத் தர்மயுத்தம் என்று சொன்னதும் உயிரைக் கொடுத்து வேலை செய்தோம். எதிரணிக்காரர்கள் எங்களைத் துரோகி என்றார்கள், நாங்களும் அவர்களை அதையே சொன்னோம். ஆகஸ்ட் 21 அன்று அணிகள் இணைந்துவிட்டன. அதையும் நாங்கள் டி.வி.யில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மறுநாள் காலையில் அதே டீக்கடை, அதே பெஞ்சு, அதே ஆட்கள். பிரியும்போதும் கேட்கவில்லை, சேரும்போதும் கேட்கவில்லை.

பொதுக்குழு உறுப்பினர், மகளிரணி:

நான் உள்ளே இருந்தவள் என்பதால் சொல்கிறேன். 2022 ஜூன் 23, சென்னை வானகரம் மண்டபத்தில் பொதுக்குழு. ஓ.பி.எஸ்., எடப்பாடியார் என்ற இரட்டைத் தலைமை போய் "ஒற்றைத் தலைமை" வேண்டும் என்ற கோஷத்தில் மைக்கில் பேசியது எதுவும் காதில் விழவில்லை. 23 தீர்மானங்களையும் நிராகரிக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஓ.பி.எஸ். அண்ணன் மேடையிலிருந்து இறங்கிப் போகும்போது தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஒன்று என் நாற்காலிக்கு அருகே விழுந்து என் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. ஒற்றைத் தலைமை வேண்டும் என்றுதான் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன், இன்றைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மூன்று முறை முதல்வராக இருந்த மனிதரை அப்படி அனுப்பியிருக்க வேண்டாம். பஸ்ஸில் திரும்பும்போது எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

கிளைச் செயலாளர், கொங்குப் பக்கம்:

அக்கா, சொன்னதற்கு நன்றி. ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

2023 மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தல் அறிவித்தார்கள். அடிப்படை உறுப்பினர்கள் ஓட்டுப் போடலாம், வாக்குப்பதிவு மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் குடும்பத்தோடு பழனிக்குப் போவதாக இருந்தோம். வீட்டில் சொல்லி அதைத் தள்ளிவைத்தேன். உறுப்பினர் அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் ஓட்டுப்பெட்டி எங்கே வைப்பார்கள் என்று இரண்டு பேரிடம் விசாரிக்கவும் செய்தேன்.

போட்டியிட வேண்டுமென்றால் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். எடப்பாடியார் மட்டும்தான் மனு செய்தார். தேர்தல் நடந்திருந்தாலும் அவர்தான் ஜெயித்திருப்பார், நானும் அவருக்குத்தான் போட்டிருப்பேன். அந்த ஓட்டை என் கையால் போட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

26ஆம் தேதி பழனிக்கே போய்வந்தோம். அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. மலையேறும்போது பெரியவன் அதை எடுத்துப் பார்த்து, "இது எதுக்குப்பா?" என்று கேட்டான்.