நாராயணனா, கலாமா? குடியரசுத் தலைவர் பதவியின் கடமையைச் செய்தவர் யார்?

செங்காட்டான்:

ஜூலை 27 வந்துவிட்டால் ‘இந்தியா கண்ட மிகச் சிறந்த குடியரசுத் தலைவர்’ என்ற வரியோடு கலாம் படம் எங்கும் வலம் வருகிறது. அவருடைய எளிமையையும் உழைப்பையும் நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரு பதவியில் இருந்தவரை அந்தப் பதவி எதற்காக இருக்கிறதோ அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் 1997 முதல் 2002 வரை அங்கே இருந்த கே.ஆர். நாராயணன் அவரைவிட உயர்ந்து நிற்கிறார்.

1997 அக்டோபர், உத்தரப் பிரதேசம். முதல்வர் கல்யாண் சிங்கின் பாஜக அரசுக்குத் தந்த ஆதரவை பகுஜன் சமாஜ் விலக்கிக்கொண்டது. சட்டசபையில் உறுப்பினர்கள் மைக்குகளைப் பிடுங்கி எறிந்து அடித்துக்கொண்டார்கள். அந்த அமளிக்கு நடுவே கல்யாண் சிங் பெரும்பான்மையை நிரூபித்தார். ஆளுநர் ரொமேஷ் பண்டாரி ஆட்சியைக் கலைக்கச் சொன்னார். குஜ்ரால் அமைச்சரவையும், மாநில ஆட்சியை நீக்க இடம் தரும் 356ஆவது பிரிவின்கீழ் பரிந்துரை அனுப்பியது. நாராயணன் மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பின்வாங்கியது. அவரைக் குடியரசுத் தலைவராக்கியதில் முன்னின்றவை அதே ஐக்கிய முன்னணியும் காங்கிரசும்தான்; அன்று பிழைத்ததோ பாஜக அரசு. மறு ஆண்டு செப்டம்பரில் பீகாரின் ராப்ரி தேவி அரசைக் கலைக்கும்படி வாஜ்பாய் அமைச்சரவை கேட்டபோதும் அதே பதில்தான் போனது. ஆள் பார்த்து அவர் நடந்துகொள்ளவில்லை.

இப்போது 2005 மே மாதத்துக்கு வாருங்கள். மீண்டும் பீகார். பிப்ரவரித் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நிதிஷ் குமார் தரப்பு ஆட்களைச் சேர்க்கிறது, குதிரை பேரம் நடக்கிறது என்று ஆளுநர் பூட்டா சிங் அறிக்கை அனுப்புகிறார். மே 22 இரவு மத்திய அமைச்சரவை கூடுகிறது. கலாம் மாஸ்கோவில் இருக்கிறார். கோப்பு தொலைநகலில் போகிறது, கையெழுத்தாகித் திரும்பி வருகிறது. ஒருமுறைகூடக் கூடாத ஒரு சட்டசபை கலைந்துபோனது. அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. விடியும்வரை காத்திருந்தால் எது குடிமுழுகிப் போயிருக்கும்?

இராமநாதபுரத்தான்:

நண்பரே, ஒரே ஒரு இரவை வைத்து ஐந்து ஆண்டுகளைத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். அந்த இரவில் பிரதமர் மன்மோகன் சிங் தொலைபேசியில் அவரோடு பேசினார். கலாம் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பதவி விலகத் தீர்மானித்து கடிதமும் எழுதி வைத்தார். பிரதமர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால்தான் கைவிட்டார். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தான் போட்ட கையெழுத்துக்காகப் பதவியைத் தூக்கி எறியத் துணிந்த வேறு குடியரசுத் தலைவரை எனக்குக் காட்டுங்கள்.

ஆதாயம் தரும் பதவி மசோதாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? எம்.பி.யாக இருப்பவர் ஆதாயம் தரும் வேறு அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்ற விதியால் 2006இல் ஜெயா பச்சனின் எம்.பி. பதவி பறிபோனது. அதே காரணத்தால் வேறு பல எம்.பி.க்களின் பதவியும் ஆட்டம் கண்டது. அவர்களைக் காப்பாற்றுவதற்காக, முன்தேதியிட்டு விலக்கு அளிக்கும் மசோதா ஒன்றை இரு அவைகளும் நிறைவேற்றின. மே மாதக் கடைசியில் கலாம் அதைத் திருப்பி அனுப்பினார். எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டாமா என்று கேட்டார். இத்தனைக்கும் சோனியா காந்தி அந்தச் சர்ச்சையால்தான் தன் எம்.பி. பதவியை ராஜினாமா செய்து ரேபரேலியில் மறுபடியும் நின்றார். ஆளும் கூட்டணியின் உச்சத்தையே தொட்ட விவகாரத்தில் கை வைக்கத் துணிச்சல் வேண்டும்.

குஜராத்தையும் பேசுவோம். 2002 கலவரத்தின்போது பதவியில் இருந்தவர் உங்கள் நாராயணன். அவர் செய்தது கடிதம் எழுதியதுதான். கலாமோ பதவியேற்ற மறு மாதமே, ஆகஸ்டில், முதல் பயணமாக அங்கேதான் போனார். இந்த நேரத்தில் போகத்தான் வேண்டுமா என்று வாஜ்பாய் கேட்டும் போனார். நிவாரண முகாம்களில் நின்றார்.

கரிசல் மண்:

நான் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். எங்களைப் போன்றவர்களுக்கு கலாமுக்கு முன் குடியரசுத் தலைவர் என்பது வகுப்புச் சுவரில் மாட்டிய ஒரு படம். பெயரைப் பொது அறிவுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வோம், அவ்வளவுதான். கலாம் வந்த பிறகு அதே பிள்ளைகள் அஞ்சலட்டை வாங்கிவந்து அவருக்கு எழுதினார்கள். கூட்டத்தில் ஒவ்வொரு வரியாகத் தான் சொல்லி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவைப்பாரே, அந்த முறையில் என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கூட எழுந்து நின்று சத்தமாகச் சொன்னான். அந்தப் பையனுக்கு 356ஆவது பிரிவு தெரியாது. ஆனால் நாட்டின் தலைவர் தன்னிடம் பேசுகிறார் என்பது தெரிந்தது. இதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்காமல் எப்படி எடைபோடுவீர்கள்?

செங்காட்டான்:

அம்மா, நீங்கள் சொல்வதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கேரளத்தின் உழவூரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, பல மைல் தூரம் நடந்துபோய்ப் படித்து, லண்டனில் அரசியல் அறிஞர் லாஸ்கியிடம் பாடம் கேட்டு, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராகப் போய்த் திரும்பிய ஒருவர் அந்த மாளிகையில் இருந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்திதான். நம் பள்ளிகள் அதைச் சொல்லவில்லை. அந்தக் குறை நாராயணனுடையது அல்ல.

1998 தேர்தலில் அவர் வாக்குச்சாவடிக்குப் போய் வரிசையில் நின்று வாக்களித்தார். அதுவரை பதவியில் இருந்த எந்தக் குடியரசுத் தலைவரும் பொதுத்தேர்தலில் வாக்களித்ததில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கோப்பு வந்தபோது, தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகங்களில் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்களே என்று அதிலேயே குறிப்பு எழுதினார். தலைமை நீதிபதிக்கே அது உறுத்தியது. 2000 ஜனவரியில் வாஜ்பாய் அரசு அரசியல் சட்டத்தைச் சீராய்வு செய்யக் குழு அமைக்க முனைந்திருந்தது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில், பிரதமரை வைத்துக்கொண்டே, சட்டம் நம்மைத் தோற்கடித்ததா, நாம் சட்டத்தைத் தோற்கடித்தோமா என்று கேட்டார். என் மனதில் குடியரசுத் தலைவர் என்றால் அந்தக் குரல்தான்.

இராமநாதபுரத்தானுக்கு ஒன்று. ராஜினாமாக் கடிதம் எழுதினார், சரி. கொடுத்தாரா? ஆதாய மசோதாவைத் திருப்பினார், சரி. நாடாளுமன்றம் ஒரு வரிகூட மாற்றாமல் அனுப்பியதும் ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார்.

சட்டக் கல்லூரி மாணவி:

அந்தக் கடைசி வாதம் நிற்காது. இரண்டாவது முறை வரும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது. 111ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அமைச்சரவை ஆலோசனைக்கும் அதே விதி. 1976இல் 42ஆவது திருத்தம் அவர் கையைக் கட்டியது. 1978இல் 44ஆவது திருத்தம் ஒருமுறை திருப்பி அனுப்ப மட்டும் இடம் கொடுத்தது. நாராயணனும் 1999 பிப்ரவரியில் பீகார் பரிந்துரை மறுபடி வந்தபோது கையெழுத்திட்டவர்தான். மாநிலங்களவையில் அதை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்ததும் வாஜ்பாய் அரசே திரும்பப் பெற்றது. ராப்ரி தேவி மீண்டும் முதல்வரானார். ஆக, கலாம் மசோதாவில் செய்ததும் நாராயணன் பீகாரில் செய்ததும் சட்டப்படி ஒரே செயல்.

வேறுபாடு 2005இல்தான் இருக்கிறது. அந்த ஒரே ஒரு திருப்பி அனுப்பும் உரிமையை, அது மிகவும் தேவைப்பட்ட இடத்தில் கலாம் பயன்படுத்தவில்லை. எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் தந்த தீர்ப்பு கண்முன்னே இருந்தது. பெரும்பான்மையைச் சட்டசபையில்தான் நிரூபிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்று அது சொல்லியிருந்தது. இருந்தாலும் இதையும் சேர்த்துப் பாருங்கள்: பீகார் வழக்கில் நீதிபதிகளே மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். தேர்தல் வேலை தொடங்கிவிட்டதால் கலைந்த சபைக்கு உயிர் கொடுக்கவும் மறுத்தார்கள். நாராயணனுக்கு வாய்த்தவை ஆட்டம் கண்ட கூட்டணி அரசுகள். கோப்பு திரும்பியதும் அவை அடங்கிப்போக அதுவும் ஒரு காரணம்.

எனக்கு இருவர் மீதும் கோபம் வேறோர் இடத்தில் இருக்கிறது. 72ஆவது பிரிவு, கருணை மனு. நாராயணன் அநேகமாக எந்த மனுவிலும் முடிவெடுக்காமல் போனார். கலாம் ஐந்து ஆண்டுகளில் இரண்டில் மட்டும் முடிவெடுத்தார். ஒன்றில் தண்டனையைக் குறைத்தார். இன்னொன்று தனஞ்சய் சாட்டர்ஜியுடையது; அதை நிராகரித்தார். 2004 ஆகஸ்ட் 14 அன்று கொல்கத்தா அலிப்பூர் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மீதமிருந்தவை அப்படியே அடுத்தவர் மேசைக்குப் போயின.

இராமநாதபுரத்தான்:

ராஜீவ் காந்தி கொலை வழக்கின் பேரறிவாளன், முருகன், சாந்தன் மனுக்களும் அந்த மேசையில் இருந்தவைதானே? அவை 2000 ஏப்ரலில் அனுப்பப்பட்டவை. அப்போது இருந்தவர் நாராயணன். இதை ஏன் செங்காட்டான் சொல்லவில்லை?

சட்டக் கல்லூரி மாணவி:

தேதிகளைச் சரியாக வைத்துப் பேசுவோம், ஐயா. 2000இல் மனு போனது உண்மை. ஆனால் உள்துறை அமைச்சகம் ஐந்து ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்துவிட்டு 2005 ஜூனில்தான் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது. நாராயணன் மேசைக்கு அந்தக் கோப்பு வரவே இல்லை. கலாம் மேசையில் இரண்டு ஆண்டுகள் இருந்தது. 2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் நிராகரித்தார்.

இராமநாதபுரத்தான்:

அப்படியென்றால் கலாம் கையெழுத்திடாமல் இருந்ததைக் குற்றம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? நிராகரிக்கச் சொல்லி அரசு அனுப்பும் கோப்பில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் 2006லேயே வேலூரில் மூன்று உயிர்கள் போயிருக்கும். அவர் போடவில்லை. அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டித்தான் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022இல் பேரறிவாளன் வெளியே வந்தார். மரண தண்டனைக் கோப்புகளை ஆராய்ந்தபோது அநேகமாக எல்லாவற்றிலும் ஏழ்மையும் சமூகப் பாகுபாடும் தெரிந்தன என்று கலாம் எழுதியிருக்கிறார். தூக்குத் தண்டனை கூடாது என்று 2015இல் சட்ட ஆணையத்துக்கும் கருத்துச் சொன்னார்.

கரிசல் மண்:

இதை நான் அறிந்திருக்கவில்லை. கையெழுத்திடாத பேனாவுக்கும் மதிப்பு உண்டு.

செங்காட்டான்:

மதிப்பு உண்டு, அம்மா. ஆனால் அது அந்த மூவருக்கும் நிம்மதி தந்த மதிப்பு அல்ல. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளே குறித்தார்கள். சில நாள்களுக்கு முன் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் பிழைத்தார்கள். குறைக்கலாம் என்று கலாமுக்குத் தோன்றியிருந்தால், காரணங்களை எழுதி அமைச்சரவைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கலாம். உத்தரப் பிரதேசத்துக்கு நாராயணன் செய்தது அதுதான். ஏழைகள்தான் தூக்குமேடைக்குப் போகிறார்கள் என்று அவர் கண்டுகொண்ட உண்மை, காவலாளி வேலை பார்த்த தனஞ்சய் சாட்டர்ஜியின் மனு மேசையில் இருந்தபோது எழுதப்பட்டிருக்க வேண்டியது. சட்ட ஆணையத்துக்குப் போன கருத்து அதற்குப் பதினோரு ஆண்டுகள் பிந்தியது.